கமலைத் தோலும் காலணியும்

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென நண்பர்கள் கேட்டபோது, கொற்கை முத்தின் புகழைப் பாடுவது எமக்கு எளிதாயிருந்திருக்கும். அதனைப் பாடியோர் பலர். அக்கடற்கரைக்குச் சற்று உள்ளே, கோவிற்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளில் தோலை நீரோடு பழக்கிய நம் முன்னோரைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆதலின் இப்பொருளையே எடுத்துக்கொண்டோம்.

பெரும்பாணாற்றுப்படை, மலைப் பொருளும் கடற் பொருளும் கொண்டு வழிச்செல்லும் வணிகர்தம் காலணியை 'அடிபுதை அரணம்' என்று குறிக்கின்றது. அடியை மூடிக் காக்கும் அரண் என்பது பொருள். பூட்ஸ் என்னும் சொல் இந்நாட்டுக்கு வருமுன்னரே அப்பொருளுக்குத் தமிழில் பெயர் இருந்தது. அதனைத் தைத்துக் கொடுத்தவன் யார் என்பதை மட்டும் புலவர் கூறாமல் விட்டார்.

நம் வட்டாரத்தில் தோல் தன் வன்மையைக் காட்டிய இடம் கிணற்றடியே. கமலையில் பூட்டிய எருதுகள் சரிவில் இறங்க, கூனை நீரை முகந்து மேலேறும். அதன் அடியில் தைத்த தோல்வால் வழியே நீர் வாய்க்காலில் பாயும். விடியலில் நனையத் தொடங்கும் அத்தோல் நண்பகல் வெயிலில் காயும், மீண்டும் நனையும். வேட்டைக்காரன் பூட்ஸ் ஒரு பருவத்தில் படும் பாட்டைக் கமலைத் தோல் ஒரு வாரத்தில் பட்டது எனலாம். அது கிழிந்தால் பயிர் வாடும். எனவே அதனைத் தைத்துப் பேணும் அருந்ததியரின்றி அக்காலத்தில் தோட்டப் பயிர் இல்லை. அவருக்குக் கிடைத்ததோ களத்துமேட்டில் அளந்து போட்ட தானமும் தவசமுமே.

அவர்தம் முறையை இளைஞர்கள் அறிதல் வேண்டும். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைவர். பின் ஆவாரம்பட்டை ஊறிய நீரில் பல நாள் கிடத்துவர், கடுக்காயும் சேர்ப்பதுண்டு. பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் நார்களைப் பற்றிக்கொள்வதால் அது அழுகாது. ஆயினும் துவர்ப்பு மட்டும் நீரைத் தடுக்காது. நார்களின் இடைவெளியை நிரப்ப எண்ணெயும் கொழுப்பும் வேண்டும். நீர் சிறிது சிறிதாக அவ்வெண்ணெயை வெளியேற்றும். எண்ணெய் போன தோல் காய்ந்தால் வெடிக்கும். ஆதலால் அழுக்கைக் கழுவி, நிழலில் உலர்த்தி, முற்றிலும் காயுமுன் எண்ணெய் தேய்ப்பர். நெருப்பருகே உலர்த்துவது பெருங்குற்றம். ஈரத்தோல் சூட்டில் சுருங்கிக் கட்டையாகிவிடும். தையலின் துளைகளே நீர் புகும் வாயில்கள். நூலுக்கு மெழுகு பூசுவது அதற்காகவே. பூட்ஸைக் காக்க மேனாட்டு நூல்கள் கூறும் விதிகளும் இவையே. அங்கே அது அறிவியல் எனப்பட்டது. இங்கே குலத்தொழில் எனப்பட்டது.

குரோமிய உப்பால் பதனிடும் முறைக்கு 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் சூல்ட்ஸ் என்பார் காப்புரிமை பெற்றார். அத்தோல் கொதிநீரையும் தாங்கும். சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன், 1903 அளவில் அம்முறையை இங்கே சோதித்தார். கமலைத் தோலுக்கு அது நெடுநாள் உழைக்கும் என்பது அவர் கண்ட முதற்பயன்களுள் ஒன்று. ஆனால் அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர் எதிர்த்தனர். 1910-இல் மார்லி பிரபுவின் ஆணை அதற்குத் தடையிட்டது. ஆலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. புதிய இரசாயனமும் சுழலும் பீப்பாயும் வாங்க நம்மவரிடம் முதல் ஏது? தோல் வணிகம் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் ஊன்றியது.

முதல் உலகப்போரில், சென்னை மாகாணத்தில் பட்டையால் பதனிட்ட தோல்கள் பிரித்தானியப் படைவீரரின் பூட்ஸுக்காகக் கப்பலேறின. பிரான்சு நாட்டுச் சேற்றில் அயலான் காலைக் காத்தது இந்தத் தோலே. அதே காலத்தில், அதனை உரித்தவனும் தைத்தவனும் ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்க இயலவில்லை. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்த பின்னும் பல ஊர்களில் செருப்பைக் கையில் எடுத்துச் சென்ற பெரியோரை நாம் அறிவோம்.

மின் மோட்டார் வந்தது, கமலை மறைந்தது, அதனோடு அந்தக் கூலியும் போயிற்று. பூமணி 1979-இல் வெளியிட்ட 'பிறகு' நாவலில் அழகிரி என்னும் தொழிலாளியின் வாழ்வாக அக்கரிசற் காட்டைக் காணலாம். சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இன்று இதே பொருளுக்குப் பட்டம் பெறுகின்றனர். 2009-இல் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தபின் அவ்வாயிலை நாடும் நம் பிள்ளைகள், ஆவாரம்பட்டையின் வேதியியலைப் புதிதாகக் கற்பதாக எண்ண வேண்டா.

தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தி மிதிக்கும் உறவினர் பலர் இன்றும் தக்க காலணியின்றி உழைக்கின்றனர். தோற்காலணி உடையோர்க்கு நம் முதியோர் சொல்வது ஒன்றே: கரிப்பு நீர் பட்ட தோலை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். உப்பு உள்ளே உறைந்தால் நாரை அறுக்கும். அதன்பின் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் பயனில்லை.