மரச்சுவரும் மணவாளக்குறிச்சி மணலும்

மரவீடு என்றதும் நம் மனம் நார்வேக்கும் ருஷ்யாவுக்கும் போய்விடுகிறது. முழுத்தடிகளைக் கிடையாக அடுக்கிச் சுவரெழுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லைதான். ஆனால் மணவாளக்குறிச்சியிலிருந்து வடக்கே பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெறும் மண்ணில் மரத்தை வெளிமுகமாக நிறுத்தத் துணிந்த தச்சர்களின் வேலை அது.

1601 அளவில் தோன்றிய அரண்மனையை மார்த்தாண்ட வர்மர் (ஆட்சி 1729–1758) விரித்துக் கட்டினார். 1790களில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தது. அடுப்புப் புகையும் ஆள் நடமாட்டமும் அற்ற மரவீடு என்னவாகும் என்று குமரி மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1930களில் திருவிதாங்கூர் அரசு பழுதுநீக்கி அதை அருங்காட்சியகமாக்கியது. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னும் அரண்மனை கேரளத்தின் பொறுப்பிலேயே உள்ளது.

அதன் வெளிமரத்தை முதலில் காப்பது எண்ணெய் அன்று, இறவாரம். தாழ இறங்கும் கூரை சாரலைத் தடுக்கிறது. அழியிட்ட சுவர் காற்றை ஊடே விடுகிறது. நனைந்த மரம் உடனே உலர்ந்துவிட வேண்டும் என்பதே இதன் சூத்திரம். எண்ணெய் இரண்டாவது காவல். கொல்லாங்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை இப்பகுதியில் கதவுக்கும் உத்தரத்துக்கும் பூசினார்கள். கைபட்டால் தோல் பொத்துப்போகும், கறையானும் அண்டாது.

வெயிலில் நின்ற மரம் சாம்பல் நிறமாவது அழுக்கினால் அன்று. வெயில் மரநாரைப் பிணைக்கும் பொருளைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிச் செல்கிறது. கறுப்புத் திட்டு பூஞ்சை. இரண்டுக்கும் மென்தூரிகையும் சிறிது நீரும் நார்ப்போக்கில் தேய்க்கும் பொறுமையும் போதும். விசைக்குழாயால் பீய்ச்சுவோர் நாரைக் கிழித்து, பொருத்துகளுக்குள் நீரை ஏற்றிவிடுகிறார்கள். ‘சுத்தம்’ என்ற பெயரில் இதைவிடப் பெரிய கேடு இல்லை என்பது எங்கள் எண்ணம்.

ருஷ்யாவின் கிழி தீவில் 1714இல் எழுந்த மரத்தேவாலயம் இதற்குச் சான்று. பின்னாளில் அதன்மேல் அறையப்பட்ட பலகைப் போர்வையை 1950களில், பழைய தோற்றத்தை மீட்பதாக எண்ணி, உரித்தெடுத்தார்கள். தடிகள் வெயிலுக்கும் மழைக்கும் நேராக ஆட்பட்டன. பிறகு கட்டடத்தையே பகுதி பகுதியாகத் தூக்கி நிறுத்தி, உளுத்த தடிகளை மாற்றும் பெரும்பணி 2020இல்தான் முடிந்தது.

நம் ஊர்களில் நடந்தது எதிர்மாறான தவறு. எண்ணெய் தேய்க்க ஆளில்லாமல் எனாமல் பெயின்ட் வந்தது. பளபளப்பு மேலே, விரிசல்வழி புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே. பலகை உளுப்பது பெயின்ட் உதிரும்வரை தெரிவதில்லை.

இதில் மணவாளக்குறிச்சிக்கும் பங்குண்டு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர் மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். விளக்கு வலைகளுக்கான தோரியத்துக்காகவே இங்கு ஆலை வந்தது; உடன் கிடைத்த கருமணலான இல்மனைட்டை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. 1920களில் டைட்டானியம் வெள்ளை பெயின்ட் தொழிலைப் பிடித்ததும் இல்மனைட்டே கப்பலேறியது. அதே மணலில் பிரியும் செந்நிறக் கார்னெட்டைக் காற்றழுத்தத்தில் அடித்துத்தான் இன்று உலகெங்கும் பழைய பெயின்டை உரிக்கிறார்கள். இரும்புக்கு அது சரி. ஆஞ்சிலிப் பலகையின்மேல் அடித்தால் மென்னார் பறந்து வன்னார் மட்டும் வரப்பு வரப்பாய் நிற்கும்.