செவிட்டு வேர்கள்

ஒன்பதாம் வகுப்பில் நம் பிள்ளைகள் 'முறுடு' என்று பயிலும் எண்ணை அரபியர் 'ஜத்ர் அஸம்ம்', அதாவது செவிட்டு வேர், என்றனர். குர்ஆன் ஓதுவோர் அறிந்த 'ஸும்முன்' என்னும் பன்மையின் ஒருமையே 'அஸம்ம்'. 9-இடம் அதன் வர்க்கமூலத்தைக் கேட்டால் 3 என்று விடை வரும். 2-இடம் கேட்டால் முழு எண்ணாகவோ பின்னமாகவோ விடை வாராது. இலத்தீனில் பெயர்த்தோரும் செவிடு எனப் பொருள்படும் 'சுர்துஸ்' என்றே எழுதினர். ஆங்கிலத்தின் 'சர்ட்' அவ்வழி வந்தது.

கலீஃபா மஃமூன் (813–833) காலத்தில் பக்தாதில் அல்குவாரிஸ்மீ இயற்றிய அல்ஜப்ர் நூலில் ஒரு பெரும் பகுதி வாரிசுரிமைக் கணக்குகளே. (ஃபராயிழ் ஓதும் மாணவரிடம் இதை நாம் தவறாது சொல்வதுண்டு.) அவருக்குப் பின்வந்த எகிப்தியர் அபூகாமில், செவிட்டு வேர்களைக் கூட்டவும் கழிக்கவும் விதி தந்தார். குறியீடுகள் இல்லாத காலம். யாவும் சொற்களிலேயே எழுதப்பட்டன.

அவ்விதியின்படி √8, √18 இரண்டையும் கூட்டுவோம். எண்களின் கூட்டல் 26. பெருக்கல் 144, அதன் மூலம் 12, இருமடங்கு 24. 26-உடன் 24 சேர 50. விடை √50. இன்றைய மாணவி 8-ஐ 4×2 எனவும் 18-ஐ 9×2 எனவும் பிரித்து, 2√2 + 3√2 = 5√2 என்பாள். 25×2 = 50 ஆதலால் இரண்டும் ஒன்றே.

√2, √3 இரண்டையும் இவ்வாறு இணைக்க முயன்றால் பெருக்கல் 6 ஆகும். அது முழு வர்க்கமன்று. ஆகவே அவை ஒரே வேராகச் சுருங்குவதில்லை.