கட்டடத் தொழிற்கல்வியும் அரசு நிதியும் : நம் மக்கள் நோக்கில் ஒரு வரலாறு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரில், கைத்திறனும் கல்வியே என்னும் கருத்தை முன்வைத்துச் சில வரலாற்றுச் செய்திகளை நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகிறோம். கல்வி என்றவுடன் பள்ளியையும் கல்லூரியையும் மட்டுமே எண்ணுவது நம் வழக்கமாகிவிட்டது. ஆனால் நம் மக்களுள் பெருந்தொகையினர் கையால் உழைத்துப் பிழைப்பவர்கள். அக்கைக்குக் கல்வி வந்ததா, அதற்கென அரசுப் பணம் வந்ததா என்று ஆராய்வது நம் கடமையன்றோ?

ஏனாத்தூரும் உத்திரமேரூரும் அடங்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளின் நாடு. அவ்வேரிகளின் கரைக்கு மண் சுமந்தவர்களிலும், இன்று சென்னையில் எழும் மாடிகளுக்குச் செங்கல்லும் கலவையும் சுமப்பவர்களிலும் நம்மவர் மிகப் பலர். ஆயினும் சுமப்பவர் வேறு, கட்டுபவர் வேறு. கரணையும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் ஏந்துபவர் கொத்தனார்; சட்டி சுமப்பவர் சித்தாள். இருவரும் ஒரே வெயிலில் நிற்கிறார்கள். ஒரே கூலி பெறுவதில்லை. ஒருவர் கற்பிக்கப்பட்டவர், மற்றவர் கற்பிக்கப்படாதவர் என்பதே இவ்வேற்றுமையின் வேர். தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கும், மேஸ்திரியிடமிருந்து அவர் உறவினர்க்கும் சென்ற காலத்தில், வெளியிலிருந்து வந்தவர்க்குச் சட்டிதான் கிடைத்தது. அவ்வேலியைத் தாண்ட நம் மக்களுக்கு அரசின் துணை வேண்டியிருந்தது.

குடியிருக்க இடமில்லாத காலம்

1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். குடிசை நிற்கும் மனைகூடத் தமக்கு உரிமையின்றி, மிராசுதாரர் வெளியேற்றுவரோ என்று அஞ்சி வாழ்ந்த மக்களின் நிலையை அது அரசின் கண்முன் நிறுத்தியது. அதன் பயனாக 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. 1919-இல் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையரை நியமித்து, நம் மக்களின் மனைக்கட்டு, கிணறு, பள்ளி, உதவித்தொகை ஆகியவற்றைக் கவனிக்கச் செய்தது. நம் தெருப் பெரியவர்கள் 'லேபர் ஸ்கூல்' என்று வழங்கிய பள்ளிகள் இத்துறையைச் சேர்ந்தவையே. எழுத்தறிவுக்கு அரசுப் பணம் வந்தது இவ்வழியில் எனலாம். கைத்திறனுக்கு அது வர இன்னும் காலம் வேண்டியிருந்தது.

அண்ணல் கேட்ட பங்கு

1942 முதல் 1946 வரை அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பணியாற்றினார். பொறுப்பேற்ற 1942-ஆம் ஆண்டிலேயே, தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து வைசிராய்க்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். வேலை வாய்ப்பும் உதவித்தொகையும் மட்டும் அதில் கேட்கப்படவில்லை. அரசு அச்சகங்களிலும் இரயில்வேப் பட்டறைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழில் பயிலும் இடம் வேண்டும் என்றும், அரசின் ஒப்பந்த வேலைகளில் பங்கு வேண்டும் என்றும் அவர் கேட்டார். இக்கோரிக்கைகளின் பொருளை இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டும். அரசு கட்டும் கட்டடத்தில் கல் சுமப்பதோடு நில்லாது, கட்டும் திறனும் கட்டுவிக்கும் உரிமையும் நமக்கு வேண்டும் என்பதே அதன் கருத்து. 1943-இல் அரசுப் பணிகளில் 8.33 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. 1944-இல் மேற்படிப்பு உதவித்தொகைக்கென ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது.

பயிற்சி நிலையங்கள்

போர்க்காலத்தில் தொழில்நுட்பப் பணியாளரைப் பயிற்றுவித்த திட்டமும் அன்றைய தொழிலாளர் துறையின் கீழ்தான் இயங்கியது. அவ்வழியில் விடுதலைக்குப் பின் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கி, நாடெங்கும் ஏறத்தாழ 50 தொழிற்பயிற்சி நிலையங்கள் தோன்றின. 1956-இல் அவற்றின் நிர்வாகம் மாநிலங்களுக்கு மாறியது. செலவில் 60 விழுக்காட்டை மைய அரசும் 40 விழுக்காட்டை மாநிலங்களும் ஏற்றன. 1969 முதல் நிதிப் பொறுப்பு முழுவதும் மாநிலங்களுடையதாயிற்று. 1961-இன் தொழில் பழகுநர் சட்டத்தில், 1973-இல் செய்த திருத்தத்தால் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்பட்டன.

இங்கே ஒரு தடையும் உண்டு. கொத்து வேலை, தச்சு, கம்பியாள் போன்ற பிரிவுகளில் சேர எட்டாம் வகுப்பும், மின்பணியாளர் போன்ற பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்பும் தேறியிருத்தல் வேண்டும். ஆறாம் வகுப்பில் பள்ளியைவிட்டுச் சட்டி தூக்கப் போன பிள்ளைக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. பள்ளியில் இடையே நிற்பவர் எத்தனை பேரோ, அத்தனை பேரும் வாழ்நாள் முழுதும் சித்தாளாகவே இருக்க நேரும். பள்ளிக் கல்வியும் தொழிற்கல்வியும் ஒன்றையொன்று பிரியாதவை என்பது இதனால் விளங்கும்.

1974-இல் தோன்றி இன்று தாட்கோ என வழங்கும் கழகத்தின் முதல் நோக்கம் நம் மக்களுக்குத் தீப்பற்றாத வீடுகள் கட்டுவது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்ததை மறவாதவர்க்கு அந்நோக்கத்தின் அருமை தெரியும். நம் வீடுகளை நம் கொத்தனார்களே கட்டும் நிலை வருமாயின், அப்பணம் இருமுறை பயன்தரும்.

கட்டடத்தின் மீது தீர்வை

மற்றொரு நிதி, தொழிலாளர் போராட்டத்தால் வந்தது. 1979-இல் தோன்றிய தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் முதலிய அமைப்புகளின் முயற்சியால், 1982-இன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. கட்டடம் எழுப்புவோர் செலவில் ஒரு பங்கு, அதை எழுப்பும் தொழிலாளர்க்கு என்னும் நெறி நிலைத்தது. 1996-இல் நாடு முழுவதற்குமான சட்டம் இயற்றப்பட்டு, கட்டடச் செலவில் 1 விழுக்காடு தீர்வையாக்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் நலவாரியத்தின் வழியே தையூரில் தரப்படும் 7 நாள் பயிற்சியில், வேலையிழப்பை ஈடுசெய்ய நாளொன்றுக்கு 800 ரூபாய் வழங்கும் ஏற்பாடும் வந்தது. இது சிறு செய்தியன்று. அன்றாடங்காய்ச்சிக்குப் பயிற்சி இலவசம் என்றால் மட்டும் போதாது. ஒரு நாள் வேலையை விட்டால் அன்று உலை கொதிக்காது. கற்கும் நாளுக்கும் கூலி உண்டு என்றால்தான் அவர் கற்க வர இயலும்.

ஆனால் தீர்வையாகச் சேர்ந்த பணத்தில் பல்லாயிரம் கோடி ரூபாய் நாடெங்கும் செலவிடப்படாமல் கிடப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் கடிந்துரைத்தது. நம் மக்கள்தொகைக்கேற்பத் திட்ட நிதியை ஒதுக்கும் சிறப்புக் கூறு திட்டம் 1979-80 முதலே இருந்தும், அதற்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் 2024-இல்தான் வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாநில மக்களில் நாம் 20 விழுக்காட்டினர்.

இளைஞர் கடமை

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. கேட்டதால் வந்தது நிதி. கேளாததால் கிடக்கிறது நிதி. ஆகவே கட்டட வேலை செய்யும் ஒவ்வொருவரையும் நலவாரியத்தில் பதிவு செய்விப்பதும், பதிவைத் தவறாது புதுப்பிக்கச் செய்வதும் படித்த இளைஞர் பணியாகட்டும். பள்ளியை விட்ட பிள்ளையை எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதச் செய்து பயிற்சி நிலையத்தில் சேர்ப்பது சங்கத்தின் பணியாகட்டும். இருபது ஆண்டு சட்டி சுமந்தும் கரணை பிடிக்க வாய்ப்புப் பெறாத நம் தாய்மார்க்கும் சகோதரியர்க்கும் பயிற்சியில் முதலிடம் வேண்டும் என்று கேட்போம். சித்தாளின் மகள் கொத்தனாராகவும், கொத்தனாரின் மகன் ஒப்பந்தக்காரராகவும், அவர்தம் பிள்ளைகள் பொறியாளர்களாகவும் உயரும் நாளே அண்ணலின் 1942-ஆம் ஆண்டு விண்ணப்பம் முழுமை பெறும் நாள். அந்நாளை விரைவில் காண உழைப்போமாக!