அருளும் கூலியும்: அருள்புரத்திலிருந்து ஒரு வாசிப்பு

திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற சாலையில் அருள்புரம் வருகிறது. ஊர்ப் பெயரில் இருப்பது அருள். சாலையோரத் தட்டிகளில் இருப்பது கூலி: டைலர் தேவை, கைமடி தேவை, செக்கிங் ஆட்கள் தேவை, ஷிப்ட் அல்லது பீஸ் ரேட். இவ்விரு சொற்களுக்கும் இடையிலான உறவைத் தமிழ்க் கிறித்தவ இறையியல் எப்படி எதிர்கொண்டது, எங்கே நழுவியது என்பதே இக்கட்டுரையின் அக்கறை. இதைச் சபைக்காரர்களுக்காக மட்டும் எழுதவில்லை. மதத்தை 'அபின்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தொழிலாளி எங்கே போகிறான் என்று திரும்பிப் பார்க்காத நம் தோழர்களுக்காகவும்தான்.

முதலில் சொல். பழைய கத்தோலிக்கச் செபங்களில் அருளுக்கு இருந்த சொல் 'பிரியதத்தம்'. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின் மக்கள் மொழியில் வழிபாடு வந்தது, தமிழ்ச் சூழலில் தனித்தமிழ்க் காற்றும் வீசியது, அது 'அருள்' ஆயிற்று. புராட்டஸ்டண்டுகளுக்கு இன்றும் 'கிருபை'தான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு கொண்டுவந்த லூத்தரின் கோட்பாடும் இதைச் சுற்றியே நின்றது: மனிதன் தன் கிரியைகளால் மீட்படைவதில்லை, கிருபையால்தான். உழைத்து ஈட்ட முடியாத ஒன்றைப் பற்றிய பேச்சு. உழைத்தும் கூலி ஈட்ட முடியாதவர்கள் நிறைந்த நாட்டில் இது எப்படிக் கேட்டிருக்கும் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது.

ஆனால் இங்கே சண்டை கிருபை குறித்து நடக்கவில்லை, பந்தி குறித்து நடந்தது. 1820களில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) புதிய மிஷனரிகளோடு மோதினார். சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்ற புலவர். மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று நான்கை அவர் அடுக்கினார்: பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது, நற்கருணையில் சாதிகளை ஒன்றாகக் கலப்பது, பண்டிகையில் பூக்களை விலக்குவது, ஆலயத்தில் தமிழ் இசையைத் தடுப்பது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாதென்று உத்தரவே போட்டார்.

இந்தப் பட்டியலை வாசிக்கிற இன்றைய வாசகருக்குச் சங்கடம்தான். மூன்றில் நாம் சாஸ்திரியார் பக்கம் நிற்போம். மொழி, பூ, இசை எல்லாம் நம்முடையது, வெள்ளைக்காரன் ஏன் தொடணும்? ஆனால் அதே மூச்சில், அதே 'பண்பாடு' என்ற பெயரில், சாதியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இறையியல் உள்ளூர்ப் பண்பாட்டோடு பேச வேண்டும் என்கிறவர்கள் யாருடைய பண்பாட்டோடு என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

அதற்குப் பதில் சொன்னவர் தியாபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். 'பரட்டை' என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். சாஸ்திரியார் மரபின் கர்நாடகக் கீர்த்தனையையும் மேற்கத்தியப் பாமாலையையும் ஒருசேரத் தள்ளிவிட்டு, நாட்டுப்புற மெட்டிலும் கிராமத்துப் பேச்சிலும் பறை ஒலியிலும் வழிபாட்டை அமைத்தார். கடவுளைத் தகப்பன் என்று ஆண்பாலில் அழைக்காமல் 'பெத்தவரே' என்றழைத்தார். நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிற எவரும் அதை மாற்றிக்கொள்ளலாம், ஆகவே இறையியலையும் மாற்றலாம் என்பது அவர் வாதம். அதைவிட முக்கியமானது அவருடைய 'ஒரு உலை' என்ற கருத்து. சேர்ந்து உலை வைத்து, சேர்ந்து உண்பது. 1820களின் பந்திச் சண்டைக்கு இதைவிட நேரான பதில் இல்லை. பெங்களூரில் 1981இல் அரவிந்த் நிர்மல் தொடங்கிவைத்த தலித் இறையியல் பேச்சு ஏட்டில் வளர்ந்தபோது, அப்பாவு அதை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனார்.

அதெல்லாம் சரி. ஒரு உலையில் போட அரிசி எங்கிருந்து வருகிறது? கூலியிலிருந்து. பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று இருநூறு வருஷமாகச் சண்டை போட்ட சபை, சனிக்கிழமை சம்பளக் கவரில் என்ன இருக்கிறது என்று கேட்டதெல்லாம் குறைவு. இத்தனைக்கும் விவிலியத்தில் அதற்கென்றே ஒரு கதை இருக்கிறது.

மத்தேயு 20. திராட்சைத் தோட்டக்காரன் விடியற்காலையில் ஆள் பிடிக்கிறான், கூலி பேசுகிறான். பழைய மொழிபெயர்ப்பில் 'ஒரு பணம்', 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'ஒரு தெனாரியம்'. அன்றைக்கு ஓர் ஆளின் ஒருநாள் கூலி அது. பிறகு ஒன்பது மணிக்கு, நண்பகலில், மூன்று மணிக்கு, கடைசியாகச் சாயங்காலம் ஐந்து மணிக்கும் போய் ஆள் கூட்டி வருகிறான். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி. முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பிரசங்கங்களில் இது பெரும்பாலும் பரலோகக் கதை, கடைசி நேரத்தில் மனந்திரும்புகிறவருக்கும் மோட்சம் உண்டு என்பதோடு முடிந்துவிடும். கூலி ஆவியாகிப் போய்விடும்.

ஆனால் இந்தக் கதை கூலிக் கதையாகவே வேறு ஒரு பாதையில் பயணப்பட்டது. ஜான் ரஸ்கின் 1860இல் லண்டன் 'கார்ன்ஹில்' இதழில் அரசியல் பொருளாதாரத்துக்கு எதிராக நான்கு கட்டுரைகள் எழுதினார். வாசகர் எதிர்ப்பால் ஆசிரியர் தாக்கரே தொடரை நிறுத்த வேண்டியதாயிற்று. 1862இல் நூலாக வந்தபோது அதன் தலைப்பு, தோட்டக்காரன் கடைசி ஆளைக் குறித்துப் பேசும் சொற்களிலிருந்து எடுக்கப்பட்டது. 1904இல் போலக் கொடுத்த அந்நூலை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் காந்தி படித்தார். 1908இல் 'சர்வோதய' என்று குஜராத்தியில் சுருக்கி எழுதினார். வக்கீல் வேலைக்கும் நாவிதர் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்பது அதில் அவர் கற்ற பாடங்களில் ஒன்று.

அந்தக் காந்தியின் கதர், திருப்பூருக்கு வந்தது. 1920களில் தமிழகத்துக் கதர் உற்பத்தியின் முக்கிய மையங்களில் ஒன்று இவ்வூர். நூற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கூலியோ சில்லறைக் காசு. கதர் மலிவாக இருக்க வேண்டும் என்பதற்காக நூற்பவள் வயிற்றில் அடிக்கிறோம் என்பது 1935இல் காந்திக்கு உறைத்தது. எட்டு மணி நேரத்துக்கு எட்டணா என்றார். சர்க்கா சங்கத்துக்காரர்கள் கதர் விலை ஏறும், விற்காது என்றார்கள். வாழ்க்கைக் கூலி என்ற கொள்கை ஏற்கப்பட்டது, தொகை எட்டணாவுக்கு வெகு கீழே நின்றது. 'பையர் ஒத்துக்க மாட்டான், ஆர்டர் பங்களாதேஷ் போயிரும்' என்று இன்று கேட்கிற குரலுக்கு வயது தொண்ணூறு ஆகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆக, மத்தேயுவின் உவமை திருப்பூருக்குச் சபை வழியாக வந்ததைவிட இராட்டை வழியாக அதிகம் வந்திருக்கிறது. ஆனால் வந்த இடத்தில் அது முதலாளியின் மனசாட்சியை நோக்கியே பேசியது, தர்மகர்த்தா முறை என்று. 1984இல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டது மனசாட்சியை அல்ல, உரிமையை. அருள் கூலியாக எழுதித் தரப்பட வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான்.

மறுபுறம் இவ்வூரின் நிஜமான மதம் 'உழைப்பு'. தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்கள் தம் சொந்த உழைப்பையே மூலதனமாகக் கதை சொல்வதை ஷரத் சாரி தன் திருப்பூர் ஆய்வில் (2004) விரிவாகக் காட்டியிருக்கிறார். வெபர் சொன்ன கால்வினியம் இல்லாமலேயே ஒரு கிரியைக் கோட்பாடு இங்கே ஆட்சி செய்கிறது. உழைத்தவன் உயர்ந்தான், உயராதவன் உழைக்கவில்லை. லூத்தர் எதிர்த்தது இதைத்தானே? ஆனால் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மாடியில் தகரக் கொட்டகை போட்டு நடத்தும் ஜெபக்கூட்டங்களில் நான் கேட்ட சாட்சிகள் பலவும் இதற்கு ஆமென் போடுகிறவையே. கர்த்தர் ஓவர்லாக் மெஷின் கொடுத்தார், லோன் கொடுத்தார், காண்ட்ராக்ட் கொடுத்தார். சிரிக்க வேண்டாம். காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர், தன் பெயர் சொல்லி யாரோ தன்னை விசாரிக்கிறார் என்று உணர்வது அங்கேதான். நம் சங்க அலுவலகங்களில் அந்த விசாரிப்பு உண்டா?

உவமையை வேறு மாதிரியும் படிக்கலாம். அமெரிக்க விவிலிய அறிஞர் வில்லியம் ஹெர்சாக் (1994), அந்தத் தோட்டக்காரனைக் கடவுளாகப் பார்க்க மறுத்தார். என்னுடையதை என் இஷ்டப்படி செய்வேன் என்கிற பேச்சு ஒரு நிலவுடைமையாளனுடையது என்றார். திருமண உதவி என்று சொல்லி இளம்பெண்களின் கூலியைப் பிடித்துவைத்து, மூன்று வருஷம் கழித்து மொத்தமாக 'அருளிய' சுமங்கலித் திட்டத்தை அறிந்த நமக்கு இது சட்டென்று புரியும். தர வேண்டிய கூலி கருணையாக வேஷம் போடும் இடம் அது. எனினும் ஐந்து மணி ஆட்களின் பதிலை நான் விட்டுவிட மாட்டேன்: எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. 2011 ஜனவரி 28இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நின்றவர்கள் அவர்கள். நொய்யலைச் சாகடித்தது அவர்களில்லை, ஆனால் வேலை போனது அவர்களுக்கு. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ரயிலடியில் இறங்குகிறவர்கள் அவர்கள். இவங்க வந்துதான் நம்ம கூலி போச்சு என்று விடியற்காலையில் வந்த நாம் முணுமுணுக்கிறோம்.

அருள்புரத்தில் ஒரு சிறு குழுவில் இந்த உவமையைப் படித்துப் பேசினோம். கைமடியாக இருக்கும் ஒரு அக்கா கடைசிவரை பேசவில்லை. எழுந்து போகும்போது கேட்டார்: "அதெல்லாம் சரிங்க, மறுநாளும் அவன் அதே கூலிதான் குடுத்தானா? இல்ல, அன்னிக்கு ஒரு நாளைக்குத்தானா?"

மத்தேயு அதை எழுதவில்லை. அடுத்த ஞாயிறு அதைத்தான் பேசுவதாக இருக்கிறோம்.