அந்த பி.ஜி.எம். எங்கே போச்சு?

2008-ல் திருச்சியில் என் அக்கா மகள் கல்யாண வரவேற்பு. மேடைக்குப் பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர் நாலு. கம்ப்யூட்டரும் ஹெட்போனுமாக ஒரு பையன். கச்சேரி வைக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "அதெல்லாம் இப்ப யார் மாமா வைக்கிறாங்க, டிஜே தான்" என்று மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான். சரி, கல்யாணம் அவர்களுடையது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பழைய மெல்லிசைக் குழுவின் வயலின்காரர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டே நான் அந்தக் குழுவில் பாங்கோஸ் வாசித்த கதையை முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். நைட் டியூட்டி முடித்துவிட்டு நேரே பஸ் ஏறி லால்குடி, முசிறி என்று கச்சேரிக்குப் போன காலம் அது.

பையன் ஒரு விசுவநாதன் ராமமூர்த்தி பாட்டைப் போட்டான். டி.எம்.எஸ். குரல்தான், பழைய ரெக்கார்டுதான். ஆனால் அதன் மேல் ‘டும் டும்’ என்று ஒரு மெஷின் டிரம். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல்லவி முடிந்தது. வயலின் கூட்டம் எழும்பி வரவேண்டிய இடம். அவர் இடது கை விரல்கள் தன்னால் வேட்டி மேல் நகர ஆரம்பித்தன. அங்கே வயலின் வரவில்லை. வெட்டிவிட்டு, யாரோ இங்கிலீஷில் கத்தும் சத்தம் இரண்டு தடவை ஓடியது. மறுபடி பல்லவி. மறுபடி பல்லவி.

"தம்பி, பி.ஜி.எம். எங்கப்பா போச்சு?" என்றார்.

இடையிசை என்பது பத்திரிகைக்காரர்கள் சொல். குழுக்களில் நாங்கள் பி.ஜி.எம். என்றுதான் சொல்வோம். அவர் கேட்ட அந்தக் கேள்வி எனக்குள் பல வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பாட்டு காதுக்கு ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். சரணத்துக்கு வரும்போது மெஷின் டிரம் ஒரு பக்கமும் டி.எம்.எஸ். ஒரு பக்கமும் போய்க்கொண்டிருந்தார்கள். பையன் மேல் தப்பு என்று மட்டும் சொல்ல முடியாது. 1960-களில் ஒரு பாட்டை ரெக்கார்ட் செய்வதென்றால் பாடகர், வயலின், தபலா, பாங்கோஸ், புல்லாங்குழல் எல்லாம் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலில் இருந்து. தாளத்தைக் கட்டிப்பிடிக்க மெஷின் கிடையாது. மனிதர்கள் சேர்ந்து வாசித்தால், சரணத்தில் உருக்கமான இடத்தில் வேகம் ஒரு நூல் தணியும். பல்லவிக்குத் திரும்பும்போது ஒரு நூல் ஏறும். கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது, சுகமாக மட்டும் இருக்கும். மெஷினோ கடைசி வரை ஒரே நடை. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் இரண்டாவது நிமிஷத்தில் பிரிந்துவிடும்.

இதற்கு மருந்தாகச் சிலர் பழைய ரெக்கார்டின் வேகத்தைக் கூட்டுவார்கள். பழைய முறையில் வேகம் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறும். 6 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். டி.எம்.எஸ். சின்னப் பையன் மாதிரி ஆகிவிடுவார். இப்போது சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்ற சாப்ட்வேர் இருக்கிறது. அதை அளவுக்கு மீறி இழுத்தால் குரல் தகரத்தில் உரசின மாதிரி வருகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. ‘ரீமிக்ஸ்’ என்றால் மறுபடி கலப்பது. கலக்க வேண்டுமானால் முதலில் தனித்தனியாக இருக்க வேண்டும் அல்லவா? குரல் ஒரு தடத்தில், டிரம் ஒரு தடத்தில், கிதார் ஒரு தடத்தில் என்று இருந்தால், ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்துப் புதிதாகச் செய்யலாம். நம் பழைய பாட்டுகள் மோனோ. சாம்பார் கொதித்து இறக்கியாகிவிட்டது, அதில் இருந்து புளியை மட்டும் எடுக்க அந்தக் காலத்தில் வழி இருக்கவில்லை. தமிழில் ஸ்டீரியோ என்பதே 1978-ல் வந்த ‘பிரியா’ படத்தில் இருந்துதான் பெரிதாகப் பேசப்பட்டது. ஆகவே நம் ஊரில் ரீமிக்ஸ் என்று சொன்னதில் முக்காலே மூணு வீசம் ரீமிக்ஸே இல்லை. ஒன்று, பழைய ரெக்கார்டின் தலைமேல் டிரம் அடிப்பது. இல்லையென்றால் பல்லவியை மட்டும் எடுத்து வேறு ஒருவரைப் பாடவைப்பது.

நிஜ ரீமிக்ஸ் பிறந்த இடம் ஜமைக்கா. 1960-களின் கடைசியில் கிங்ஸ்டன் நகரத்தில் தெருவில் பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடும் கூட்டத்தார் இருந்தார்கள். நம் ஊர் சவுண்டு சர்வீஸ்காரர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை ரெக்கார்ட் வெட்டும்போது குரலைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். வெறும் வாத்தியம் மட்டும் ஒலித்த அந்த ரெக்கார்டைப் போட்டதும் ஜனங்களே சேர்ந்து பாடினார்கள். அதற்குப் பிறகு அதுவே ஒரு வழக்கமானது. கிங் டப்பி என்று பெயர் பெற்ற ஆஸ்போர்ன் ரட்டக் என்பவர் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்தவர். நாலு தட மிக்ஸர் ஒன்றை வைத்துக்கொண்டு குரலை மறைத்து, டிரம்மை முன்னே தள்ளி, எக்கோ கொடுத்து அதை ஒரு கலையாகவே ஆக்கினார். அவர் கையில் தனித்தனித் தடங்கள் இருந்தன. அதைவிட முக்கியம், அவர் அந்தப் பாட்டை உள்ளும் புறமும் அறிந்தவர்.

ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்பவர் 1973-ல் நியூயார்க் பிராங்ஸ் பகுதியில் இதை வேறு வழியில் கொண்டுபோனார். ஆட்டத்துக்கு ஏற்ற டிரம் துண்டு ரெக்கார்டில் சில நொடிதான் வரும். இரண்டு ரெக்கார்டுகளை வைத்து அதை நீட்டிக்கொண்டே போனார். அங்கே வெட்டப்பட்டது பாட்டு, காப்பாற்றப்பட்டது பி.ஜி.எம். இதைப் படித்தபோது அண்ணனிடம் சொன்னேன், "நம்ம ஊருக்கு நேர் எதிர் அண்ணே" என்று.

ஆனால் அங்கேயும் அநியாயம் உண்டு. ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற குழு 1969-ல் ‘அமென், பிரதர்’ என்று ஒரு பாட்டு வெளியிட்டது. அதில் கிரெகரி கோல்மன் என்பவர் சுமார் ஆறு நொடி தனியாக டிரம் வாசிப்பார். அந்த ஆறு நொடியை வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்கான பாட்டுகள் வந்தன. 2006-ல் செத்துப்போன கோல்மனுக்கு அதில் ஒரு காசு வரவில்லை. 2015-ல்தான் ரசிகர்கள் வசூல் செய்து, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். தாள வாத்தியக்காரன் என்ற முறையில் இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1991-ல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று இதற்குக் கடிவாளம் போட்டது. கில்பர்ட் ஓ சல்லிவன் பாட்டை அனுமதி இல்லாமல் எடுத்த பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் வழக்கில், திருடாதே என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பை ஆரம்பித்தார் நீதிபதி. பிஸ் மார்க்கி தன் அடுத்த ஆல்பத்துக்கு ‘எல்லாத் துண்டுக்கும் அனுமதி வாங்கியாச்சு’ என்ற பொருளில் பெயர் வைத்தார். குறும்புக்காரர்.

அப்படியும் 2002-ல் என்ன நடந்தது? ‘ஜோதி’ என்ற 1981 இந்திப் படத்தில் பப்பி லஹிரி இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு, அமெரிக்காவில் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற பாடகியின் ‘அடிக்டிவ்’ பாட்டுக்குள் நீளம் நீளமாக ஒலித்தது. பாட்டு அங்கே பெரிய ஹிட். லஹிரி பெயர் எங்கும் இல்லை. வழக்குப் போனது. பெயர் போடாமல் விற்கக் கூடாது என்று 2003-ல் அங்கே தடை உத்தரவு வந்தது. நாமும் ‘நம் சொத்தைத் திருடிவிட்டான்’ என்று கொதித்தோம். அதே 2002-ல்தான் பம்பாயில் ‘சமாதி’ படத்து ஆர்.டி.பர்மன் பாட்டை வேறு ஒருவரைப் பாடவைத்து, ‘காண்டா லகா’ என்று டிவியில் காலை முதல் ராத்திரி வரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு யாரும் அவ்வளவு கொதித்த மாதிரி தெரியவில்லை.

சட்டம் அப்படி இருந்தது. 1957 காப்புரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவுப்படி, ஒரு பாட்டு வந்து இரண்டு வருஷம் ஆனால், அறிவிப்பு கொடுத்து ராயல்டியைக் கட்டிவிட்டு வேறு குரலில் அதையே போடலாம். பாட்டை மாற்றக் கூடாது என்று பிற்பாடு அதிலேயே சேர்த்தார்கள். யார் பார்த்தார்கள்! 2012 திருத்தத்தில்தான் இரண்டு வருஷம் ஐந்தானது, நிபந்தனைகள் இறுகின. எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு பறிக்க முடியாத உரிமையானது. அதற்கு முன் 1977-ல் உச்ச நீதிமன்றம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சினிமாப் பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனியாகச் சில வரிகள் எழுதினார். பாடுகிறவருக்கு உரிமையே இல்லாத சட்டம் நம் மரபுக்கு ஒவ்வாது என்பது அதன் சாரம். பாடகருக்கே அந்த நிலை என்றால், கடைசி வரிசை வயலினைப் பற்றி எந்தச் சட்டம் கவலைப்படும்? அன்றைக்குக் கால்ஷீட்டுக்கு உண்டான கூலி, கையெழுத்து, அவ்வளவுதான்.

தமிழுக்கு வருவோம். 2004-ல் ‘நியூ’ படத்தில் ‘படகோட்டி’ காலத்துப் பாட்டு ஒன்று புது வேஷத்தில் வந்தது. 2007-ல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்தில் ‘சொர்க்கம்’ படத்துப் ‘பொன்மகள் வந்தாள்’. அதே வருஷம் ‘பொல்லாதவன்’, ‘பில்லா’ என்று வரிசை. அந்த நாலைந்து வருஷம் படத்துக்கு ஒரு பழைய பாட்டு என்று கணக்கு வைத்தமாதிரி இருந்தது. எல்லாவற்றையும் குப்பை என்று சொல்ல மாட்டேன். ‘பில்லா’வில் யுவன் செய்தது எனக்குப் பிடிக்கும். எம்.எஸ்.வி. அந்தப் பாட்டை எதற்குப் போட்டார் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. மாயா என்ற எம்.ஐ.ஏ., இலங்கைத் தமிழ்ப் பெண், ‘தளபதி’ படத்து இளையராஜா தாளத்தை 2007-ல் தன் ‘பாம்பூ பங்கா’வில் வைத்தாரே, அதைக் கேட்டால் கிழவனுக்கும் கால் ஆடும். தாளத்தை எடுத்தார், வேறு ஒன்றைக் கட்டினார். மற்றவர்கள் பலர் பல்லவியை எடுத்து வாசலில் தோரணமாகக் கட்டிவிட்டு, உள்ளே வீட்டைக் காலியாக விட்டார்கள்.

இவ்வளவு பேசும் நான் யோக்கியனா என்று என் மனைவியே கேட்டாள். "நீங்க மட்டும் யாருகிட்ட பர்மிஷன் கேட்டு வாசிச்சீங்க?" நியாயமான கேள்வி. விசுவநாதனிடமோ வாலியிடமோ நாங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மேடையில் அவர்கள் பெயரைச் சொன்னோம், அது ஒன்றுதான். கடைசி பஸ்ஸுக்கு நேரமானால் இரண்டாவது சரணத்தை முழுங்கியிருக்கிறோம். பசித்தால் எல்லாப் பாட்டும் ஓட்டமாக ஓடியிருக்கிறது.

ஆனால் பி.ஜி.எம்.மில் கை வைக்க முடியாது. இலங்கை வானொலியில் கேட்டதோடு, ரெக்கார்ட் பிளேயரில் ஊசியை ஒரே இடத்தில் இருபது தடவை இறக்கி, அண்ணன் ஸ்வரம் எழுதிக்கொள்வார். பாடுகிறவர் ஒரு வார்த்தையை மாற்றினால் ஜனம் மன்னித்துவிடும். பி.ஜி.எம். தப்பினால் முன்வரிசையில் இருந்தே விசில் வரும். முசிறியில் ஒரு தடவை அப்படி வந்தது. அண்ணன் அன்று ராத்திரி முழுக்கப் பேசவில்லை.

இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. வயலினை விற்றுப் பல வருஷமாகிறது. போன மாதம் உறையூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாணத்தில் பையன் வெட்டிய அதே பாட்டை என் செல்போனில் போட்டு, சின்ன ஸ்பீக்கரில் வைத்தேன். வெட்டாதது, ஓட்டாதது, மோனோ. பல்லவி முடிந்து வயலின் எழும்பியதும் அவர் விரல்கள் மறுபடி வேட்டி மேல் நடந்தன. நான் டீப்பாயில் பாங்கோஸ் தட்டினேன். பி.ஜி.எம். முடிகிற இடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"பாத்தியா தம்பி, அவங்க இங்க எப்படி நிதானமா இறங்குறாங்கன்னு. இதே இடத்துலதான் நீ எப்பவும் ஓடிடுவே" என்றார். "திரும்பப் போடு."