பெட்டியில் போனதும் ஏட்டில் நின்றதும்

பெய்ஜிங்குக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஜோகௌதியன் என்ற சிற்றூர் இருக்கிறது. அதை ஒட்டிய சுண்ணாம்புக் குன்றின் குகைப் படிவுகளிலிருந்து 1927 முதல் 1937 வரை தோண்டியெடுத்த தொல்மாந்தர் எலும்புகள் நாற்பது பேர் அளவினருக்கு உரியவை. பள்ளிப் பாடநூல்கள் 'பீகிங் மனிதன்' என்று அறிமுகப்படுத்துவது இவர்களைத்தான். அந்த எலும்புகள் 1941-இன் இறுதியில் இரண்டு மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டன. அதன்பின் அவற்றைப் பார்த்தேன் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லக்கூடிய ஆய்வாளர் ஒருவரும் இல்லை.

பெட்டிகள் எங்கே போயின என்பதைப் பற்றி நூல்களும் புதினங்களும் ஏராளமாக வந்துவிட்டன. அதற்கு நிகரான இன்னொரு கேள்வியும் உண்டு. மூல எலும்புகள் அனைத்தும் கைவிட்டுப் போன பிறகும் பீகிங் மனிதன் அறிவியலில் எப்படி நிலைத்தான்? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமை பெறும்.

மருந்துச் சரக்கிலிருந்து மண்டையோடு வரை

சீன நாட்டு மருத்துவத்தில் 'டிராகன் எலும்பு' பழைய மருந்துச் சரக்கு. உண்மையில் அவை நிலத்தடியில் கல்லாகிப்போன விலங்கு எலும்புகள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியர் ஒருவர் மருந்துக்கடைகளில் வாங்கிச் சேர்த்த இத்தகைய எலும்புகளுக்கிடையே மனிதப் பல்லைப் போன்ற ஒன்றும் இருந்தது. சீன மண்ணில் ஆதி மனிதனைத் தேடலாம் என்ற எண்ணம் வலுப்பட அதுவும் ஒரு காரணம்.

சீன அரசின் சுரங்கத்துறை ஆலோசகராக இருந்த ஸ்வீடன் நாட்டு நிலவியலாளர் ஜே.ஜி. ஆண்டர்சன் 1918-இல் ஜோகௌதியனுக்கு வந்தார். 1921-இல் அவருடைய ஏற்பாட்டில் ஓட்டோ ஸ்டான்ஸ்கி அங்கே அகழ்ந்தார். அவர் சேகரித்தவற்றிலிருந்து இரண்டு மனிதப் பற்கள் வெளிப்பட்ட செய்தி 1926-இல் அறிவிக்கப்பட்டது. பீகிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த கனடியர் டேவிட்சன் பிளாக், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியைப் பெற்று, 1927-இல் முறையான அகழாய்வைத் தொடங்கிவைத்தார். கிடைப்பவை எல்லாம் சீனாவிலேயே இருக்க வேண்டும் என்று சீன நிலவியல் ஆய்வகத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. அயல்நாட்டார் தோண்டியதெல்லாம் அயல்நாட்டு அருங்காட்சியகங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் இது அரிய ஏற்பாடு.

அமைதியான காலம் என்று ஒன்று இந்த அகழாய்வுக்கு வாய்க்கவே இல்லை. முதல் ஆண்டிலேயே வட்டாரப் படைத்தலைவர்களின் சண்டை சுற்றுப்புறத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்த அக்டோபரில் கிடைத்த ஒற்றைப் பல்லை வைத்துத்தான் பிளாக் ஒரு புதிய பேரினத்தையே அறிவித்தார். அறிவுலகம் அதை முழுதாக நம்ப இரண்டாண்டு ஆயிற்று. 1929 டிசம்பர் 2 அன்று, கடுங்குளிரில் வேலையை முடிக்கவிருந்த நேரத்தில், 25 வயதான பெய் வென்ஜோங் குறுகலான பிளவொன்றுக்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் முதல் மண்டையோட்டைக் கண்டெடுத்தார்.

பிளாக் 1934-இல் தம் ஆய்வகத்திலேயே காலமானார். அவருடைய இடத்துக்கு வந்தவர் ஃபிரான்ஸ் வைடன்ரைக். யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் ஜெர்மனியில் பதவி இழந்தவர் அவர். 1936 நவம்பரில் ஜியா லான்போ ஒரே மாதத்தில் மூன்று மண்டையோடுகளைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டு ஜூலை 7 அன்று பெய்ஜிங்கின் தென்மேற்கு விளிம்பில் மார்க்கோ போலோ பாலத்தருகே ஜப்பானியப் படைக்கும் சீனப் படைக்கும் மூண்ட மோதல் முழுப் போராக வெடித்தது. அகழாய்வு நின்றது. களத்தில் இருந்த தொழிலாளர் மூவரை 1938-இல் ஜப்பானியப் படையினர் கொன்றனர்.

இரண்டு மரப்பெட்டிகள்

பெய்ஜிங் ஜப்பானியர் வசமான பிறகும் எலும்புகள் பத்திரமாக இருந்ததற்குக் காரணம், மருத்துவக் கல்லூரி அமெரிக்கச் சொத்தாக இருந்ததே. அமெரிக்காவோடு ஜப்பானுக்கு இன்னும் போர் இல்லை. கல்லூரிக்குள் படை நுழையவில்லை. 1941-இல் அந்தக் காப்பு நீடிக்காது என்பது தெளிவாகிவிட்டது. ஏப்ரலில் புறப்பட்ட வைடன்ரைக்கிடம் எலும்புகளையும் கொடுத்தனுப்பலாம் என்ற பேச்சு எழுந்தது. வழியில் சுங்கச் சோதனையில் சிக்கினால் பறிமுதலாகிவிடும் என்று அவர் அஞ்சினார். 'சீனாவை விட்டு வெளியேறக் கூடாது' என்ற உடன்பாடும் குறுக்கே நின்றது. தற்காலிகமாக அமெரிக்காவில் வைத்திருக்கலாம் என்று நிலவியல் ஆய்வகத் தலைவர் வெங் வென்ஹாவின் இசைவு கிடைத்து, வேலை நடக்கத் தொடங்கியபோது ஆண்டு முடியும் தறுவாய்.

ஆய்வகத் தொழில்நுட்பர் ஹூ செங்ஜி தம் சகாவோடு சேர்ந்து ஒவ்வோர் எலும்பையும் மெல்லிய தாளிலும் பஞ்சிலும் துணியிலும் பொதிந்து அடுக்கினார். பெட்டிகள் கல்லூரி நிர்வாகத்திடம் சேர்ந்தன. பெய்ஜிங் தூதரகக் காவலில் இருந்த அமெரிக்கக் கடற்படை வீரர்களின் உடைமைகளோடு அனுப்புவது திட்டம். அவர்களுடைய தளபதி கர்னல் ஆஷர்ஸ்ட் பொறுப்பேற்றார். டிசம்பர் 5 அன்று ரயிலில் கிளம்பி, சின்ஹுவாங்தாவ் துறைமுக முகாமில் காத்திருந்து, 'பிரசிடென்ட் ஹாரிசன்' கப்பலில் ஏற வேண்டும். அந்தக் கப்பல் துறைமுகத்தை அடையவே இல்லை. பேர்ல் துறைமுகத் தாக்குதலை அடுத்து ஜப்பானியர் துரத்தவே, யாங்சே ஆற்று முகத்துக்கு அருகே மாலுமிகளே அதைத் தரைதட்டச் செய்தார்கள். முகாமில் இருந்த வீரர்கள் சிறைப்பட்டனர்.

சாட்சியங்களின் தரம்

இதற்குப் பிந்திய செய்திகளை மூன்று தட்டுகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பொதிந்தவர், பெற்றுக்கொண்டவர், ஏற்றுக்கொண்டவர் எனக் கைமாறிய வரிசை முதல் தட்டு. இது கல்லூரி வாசல் வரை உறுதியானது, ரயிலோடு நலிகிறது. இரண்டாம் தட்டு, தொடர்புடையவர்கள் ஆண்டுகள் பல கழித்துச் சொன்னவை. பெட்டிகளோடு பயணம் செய்யவிருந்த கடற்படை மருத்துவர் வில்லியம் ஃபோலி, சில பெட்டிகள் தியான்ஜினில் தம்மை வந்தடைந்ததாகவும் அவற்றை நம்பிக்கையானவர்களிடம் பிரித்து வைத்ததாகவும் கூறினார். முன்னாள் வீரர் ரிச்சர்ட் போவன், உள்நாட்டுப் போரின்போது 1947-இல் அதே துறைமுக முகாமில் பதுங்குகுழி வெட்டுகையில் எலும்புப் பெட்டியொன்று தட்டுப்பட்டு, அதை மீண்டும் மூடியதாக நினைவுகூர்ந்தார். 2012-இல் தென்னாப்பிரிக்க, சீன ஆய்வாளர்கள் அவருடைய கூற்றை வைத்து இடத்தை அடையாளம் காண முயன்றபோது, அங்கே கட்டடங்கள் எழுந்திருந்தன.

மூன்றாம் தட்டு, வெறும் ஊகம். 1945 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட 'அவா மாரு' என்ற ஜப்பானியக் கப்பலில் எலும்புகள் இருந்தன என்பது அவற்றுள் புகழ்பெற்றது. அந்தக் கப்பல் தெற்கே சிங்கப்பூர்ப் பக்கமிருந்து திரும்பிக்கொண்டிருந்தது; வட சீனத்து எலும்புகள் அதில் ஏறுவானேன்? சீனர் பின்னர் கப்பலின் சிதைவுகளை மீட்டபோதும் எலும்பு கிடைக்கவில்லை.

ஜப்பானிய அரசே எடுத்துச் சென்றது என்ற கூற்றை எடைபோட ஒரு செய்தி உதவும். மருத்துவக் கல்லூரியைக் கைப்பற்றிய பின் ஜப்பானியரும் எலும்புகளைத் தேடினார்கள். பெய் வென்ஜோங்கையும் கல்லூரி அலுவலரையும் அழைத்து விசாரித்தார்கள். கையில் இருக்கும் பொருளை எவரும் அப்படித் தேடுவதில்லை. ஆகவே, மதிப்பறியாத படைவீரர் கையில் சிக்கி முகாமிலோ ரயிலடியிலோ சிதறியிருக்கலாம் என்பதே பொருத்தமான முடிவாகத் தோன்றுகிறது. பெரிய சதியைவிட அறியாமை பல வேளைகளில் கூடுதலாக அழிக்கும்.

ஏடு காத்தது

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஜோகௌதியன் விஷயத்தில் ஏடுதான் உதவியது. வைடன்ரைக் ஒவ்வொரு மண்டையோட்டையும் பல பக்கங்களிலிருந்து வரைந்து, படமெடுத்து, அளந்து வைத்தார். ஹூ செங்ஜி போன்றோர் கைத்திறனில் துல்லியமான பாரிஸ் சாந்துப் படிகள் உருவாகி வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. எலும்புகள் தொலைந்துவிட்ட நிலையில், நியூயார்க்கில் இருந்தபடி, வைடன்ரைக் 1943-இல் மண்டையோடுகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார்.

படிகளை நம்பலாமா என்ற ஐயத்துக்கு 1966-இல் விடை கிடைத்தது. பெய் வென்ஜோங் தலைமையில் மீண்டும் அகழ்ந்தபோது நெற்றி எலும்பும் பிடரி எலும்பும் கிடைத்தன. 1934-இல் கண்டெடுத்துப் பின் தொலைந்துபோன துண்டுகளின் சாந்துப் படியோடு அவற்றை வைத்துப் பார்த்தபோது விளிம்போடு விளிம்பு பொருந்தின. ஒரே ஆளின் மண்டையோடு! படி பொய்யில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சோதனையை எவரும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாது.

ஆனாலும் படி வடிவத்தைக் காக்குமே அன்றிப் பொருளைக் காக்காது. அடிப்பகுதி உடைந்த மண்டையோடுகளைக் கண்ட வைடன்ரைக், மனிதரே மனிதரைத் தின்ற அடையாளம் என்றார். கழுதைப்புலி கடித்த தடம் என்கிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள். மூல எலும்பின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் வைத்தால் வழக்கு எளிதாக முடியும். எலும்புக்குள் இருந்திருக்கக்கூடிய வேதியியல் செய்திகளும் போயின. குகையின் மணலை வைத்து 2009-இல் பழைய படிவுகளின் வயது ஏறத்தாழ 7,70,000 ஆண்டுகள் என்று கணிக்க முடிந்தது. எலும்பைக் கொண்டு செய்யக்கூடிய ஆய்வுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஸ்டான்ஸ்கி தொடக்கத்தில் ஸ்வீடனுக்கு அனுப்பிய பற்கள் உப்சாலாவில் இன்றும் உள்ளன. அங்கே பிரிக்கப்படாமல் கிடந்த பெட்டிகளிலிருந்து 2011-இல் ஒரு கோரைப்பல்லும் வெளிவந்தது. இதைக் காட்டி, அயல்நாட்டுக்குக் கொண்டுபோனதே நல்லது என்று வாதிடுவோர் உண்டு. அது சரியான முடிவல்ல. மண்ணின் சொத்து மண்ணில் இருக்க வேண்டும் என்ற உடன்பாட்டில் குற்றமில்லை. கடைசி நேரம் வரை காத்திருந்து, பதினான்கு ஆண்டு உழைப்பு முழுவதையும் ஒரே வழியில், ஒரே ரயிலில், ஒரே கப்பலை நம்பி அனுப்பியதில்தான் பிழை. போர்க்காலத்தில் உப்சாலாவும் குண்டுக்கு இரையாகியிருக்கலாம். அங்கே பற்கள் தப்பியது நற்பேறு. படிகள் தப்பியது நற்பேறு அல்ல. அவை பல இடங்களில் இருந்தன.

அகழ்ந்ததை எழுதி, வரைந்து, படியெடுத்து, பல இடங்களில் வைப்பதை நாம் பெரும்பாலும் வேலை முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் காரியமாகவே கருதுகிறோம். நிதி ஒதுக்கும்போதும் அது கடைசி வரியில்தான் வருகிறது. ஜோகௌதியனின் அறிவு இன்று நம்மிடம் இருப்பது அந்தக் கடைசி வரியை முதல் வரியாக வைத்து உழைத்தவர்களால். ஆவணப்படுத்தாமல் குழியை ஆழப்படுத்துகிற எந்த அகழாய்வும், போர் வராவிட்டாலும், தன் பெட்டிகளைத் தானே தொலைத்துக்கொண்டிருக்கிறது.