தாளம் கேட்கத் தெரியாத பெட்டி

எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் நடந்ததை ஊரில் இன்னும் பகிடியாகப் பேசுகிறார்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

றபான் அடிக்க அடிக்க, பின்னால் திரையில் வண்ணக் கோலங்கள் அந்த அடிக்கு ஏற்பத் துடிக்க வேண்டும். இதுதான் பிள்ளைகளின் திட்டம். பதினோராம் தர மாணவி ஒருவர் மடிக்கணினியில் அதற்கான நிரலை எழுதியிருந்தார். ஒத்திகையில் அழகாக ஓடியது. விழாவன்று கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டதும் எல்லாம் குழம்பியது. கைதட்டலுக்குத் திரை துடித்தது. றபானுக்குச் சிலநேரம் துடிக்கவே இல்லை, துடித்தபோதும் பிந்தித் துடித்தது. "கம்பியூட்டருக்குக் காது கேக்காதா?" என்று யாரோ சத்தமாகக் கேட்க, மண்டபமே சிரித்தது. பிள்ளை அழுதுகொண்டு போய்விட்டார்.

பகிடிக்குக் கேட்டாலும் அது நல்ல கேள்வி. நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள், வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறோம்.

தாளம் போடும் இயந்திரம் மிகப் பழையது. 1206இல், இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் பகுதியை ஆண்ட ஆர்துக்கிய அரசவையில் இருந்த அல் ஜஸரி, தான் செய்த இயந்திரங்களைப் பற்றிய நூலை எழுதி முடித்தார். அதில் ஒரு படகு வருகிறது. தடாகத்தில் மிதக்கும் அந்தப் படகில் இசைக்கலைஞர் பொம்மைகள் இருக்கும். உள்ளே தண்ணீரின் விசையால் ஓர் உருளை சுழலும். உருளையில் பொருத்திய முளைகள் நெம்புகோல்களைத் தட்டும்போது பொம்மையின் கை மேளத்தில் விழும். முளைகளை இடம் மாற்றினால் தாளமும் மாறும் என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தப் பொம்மை எதையும் கேட்கவில்லை. அடிக்கத்தான் அதற்குத் தெரியும். கேட்டுப் புரிந்துகொள்ளும் இயந்திரத்துக்கு அதன்பின் ஏறக்குறைய எண்ணூறு வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் பலர் முயன்றார்கள். பிரான்சில் கஸ்தெல் என்ற பாதிரியார் 1725இல் கட்டையை அழுத்தினால் நிறம் தோன்றும் இசைக்கருவி ஒன்றை முன்மொழிந்தார். அதுவும் விரலுக்குத்தான் கீழ்ப்படியும், ஓசைக்கு அல்ல. உண்மையில் ஓசையே ஒளியை ஆட்டியது 1860களில். பாரிசில் ருடோல்ஃப் கோனிக் ஒரு மெல்லிய சவ்வுக்குப் பின்னால் எரிவாயுச் சுடரை வைத்தார். முன்னால் பாடினால் சுடர் நடுங்கும். அந்த நடுக்கத்தைச் சுழலும் கண்ணாடியில் அலைபோலப் பார்க்கலாம். இன்று வரும் எல்லாத் துடிக்கும் திரைகளுக்கும் அந்தச் சுடரையே மூத்தவர் என்று நாங்கள் சொல்வோம்.

பிறகு 1968இல் நியூயோர்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கு. ரொக் இசைக்குப் பின்னால் பெரிய திரையில் வண்ணங்கள் இசையோடு சேர்ந்து துள்ளின. அதைச் செய்தது இயந்திரமல்ல. ஜோஷுவா வைட்டின் குழுவினர் ஓவர்ஹெட் புரொஜெக்டரின் மேல் கண்ணாடித் தட்டுகளில் வண்ண எண்ணெயும் நீரும் ஊற்றி, இசையைக் கேட்டுக் கேட்டுக் கையால் ஆட்டினார்கள். கலாசாலையில் நாங்கள் கற்பித்தல் பயிற்சிக்குத் தாள் வைத்துக் காட்டிய அதே வகைப் பெட்டிதான்! இப்படியும் பாவிக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1977இல் அட்டாரி நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சிக்கே ஒரு பெட்டி விற்றது, பெயர் 'வீடியோ மியூசிக்'. இசைத்தட்டு ஓடும்போது திரையில் வடிவங்கள் விரியும், சுருங்கும். சத்தம் கூடினால் விரியும், அவ்வளவுதான். பாட்டும் அதற்கு ஒன்றுதான், கதவு அடிபடுவதும் ஒன்றுதான்.

எங்கள் மாணவி செய்ததும் இதைவிட ஒரு படி மேலானதுதான். அந்த நொடித்துண்டில் வரும் ஒலியின் வலுவை, கடந்த ஒரு செக்கனின் சராசரியோடு நிரல் ஒப்பிடும். சராசரியைவிட நன்றாக உயர்ந்தால், அதுதான் அடி. அறையில் றபான் மட்டும் இருந்தால் இது போதும். ஜெனரேட்டர் இரைந்தால் சராசரியே மேலே ஏறிவிடும், றபான் அதற்குள் அமுங்கிவிடும். கைதட்டலோ திடீரென உயர்வதால், அதுவும் அடியாகிவிடும்.

பெரிய ஆய்வாளர்களையும் இதே இடம்தான் மறித்தது. தாளம் சத்தத்தில் மட்டும் இல்லை, அடுத்த அடி எப்போது விழும் என்ற எதிர்பார்ப்பிலும் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் அல் ஃபாராபி தன் பெரிய இசை நூலில் தாளத்தை அடிகளுக்கு இடையிலான கால அளவுகளால்தான் விளக்கினார். அடிக்காத இடமும் தாளம்தான். சத்தத்தை மட்டும் அளக்கும் பெட்டிக்கு அந்த இடைவெளி எப்படி விளங்கும்?

1994இல் ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் மசதகா கோதோவும் யோய்ச்சி முராஒகாவும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே கணிப்பை நம்பாமல், பல கணிப்பாளர்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். ஒவ்வொன்றும் "அடுத்த அடி இப்போது" என்று ஊகிக்கும். எது தொடர்ந்து சரியாகச் சொல்கிறதோ, அதன் பேச்சு எடுபடும். இதை உடனுக்குடன் செய்ய அவர்களுக்கு 64 செயலிகள் கொண்ட ஒரு கணினி தேவைப்பட்டது. அந்த மண்டபத்தில் சிரித்தவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பிள்ளையிடம் இருந்தது அக்காவின் பழைய மடிக்கணினி.

நான்கு வருடம் கழித்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் எரிக் ஷைரர் ஒரு வேடிக்கை செய்தார். பாட்டை ஒருசில அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மெட்டை எறிந்துவிட்டு வெறும் இரைச்சலால் நிரப்பினார். பாட்டு எது என்று தெரியாது, ஆனால் தாளம் மட்டும் அப்படியே கேட்டது. அந்த ஏற்ற இறக்கங்களிலிருந்து வேகத்தையும் அடுத்த அடியையும் ஊகிக்கும் முறையை 1998இல் வெளியிட்டார்.

இவ்வளவையும் அச்சடித்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தோம். மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு வராதவர், வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அப்ப நான் செஞ்சது பிழை இல்லையா சேர்?"

பிழை இல்லை. பிந்தியதற்கும் காரணம் உண்டு. ஒலிவாங்கியிலிருந்து கணினிக்கு, அங்கிருந்து புரொஜெக்டருக்கு, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நேரம் போகும். அடியைக் கேட்ட பிறகு காட்டினால் எப்போதும் பிந்தியே காட்டும்.

இப்போது அவர் நிரலை மாற்றியிருக்கிறார். ஆறாம் தரத் தம்பி ஒருவர் ஸ்பேஸ் கட்டையைத் தாளத்துக்குத் தட்டுவார். கணினி அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு தொடரும், வேகம் மாறினால் தம்பி திரும்பவும் தட்டுவார். மேடைகளில் காணொளி ஓட்டுகிறவர்களும் இந்த உத்தியைப் பாவிக்கிறார்கள்.

நேற்றைய ஒத்திகையில் தம்பி தட்டியதெல்லாம் சரியாக விழுந்தது. எப்படி என்று கேட்டோம். "நான் சத்தத்தக் கேக்கல்ல சேர். றபான் அடிக்கிற அப்பாட கை மேல போகக்குள்ளயே பாத்து வெச்சிக்கிறன்."